புதன்கிழமை அச்சான ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளா,

டவுன் விழாவுக்கு நினைவு மலர் போடும் மலர்க்குழு உங்கள் மூலமாக என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். நம் டவுனின் முதல் வாரப் பத்திரிகையைப் பற்றி, அதன் முதல் நிருபர் என்ற முறையில், நாலு நல்ல வார்த்தை. தலைப்பைக்கூட அவர்களே எழுதி மூத்தவளின் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிட்டார்கள்: 'எங்கள் பொற்காலம்'.

மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். பொய் எழுதுவது எனக்குக் கைவராத வேலை அல்ல. அந்தப் பத்திரிகையில் எனக்குக் கிடைத்த பயிற்சியே அதுதான். ஆனாலும் இந்த முறை வரவில்லை. ஆகையால் மலருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து இது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் மட்டும் நேராக இருக்கும்.

சிம்பாங் பூலாயிலிருந்து தெற்கே வந்தால் இப்போது பெட்ரோல் நிலையமும் மருந்துக்கடையும் மூன்று தாமான் குடியிருப்புகளும் கண்ணில் படுகின்றன. அப்போது முன்பக்கம் ஒரே வரிசையில் எட்டுக் கடைகள், பின்பக்கம் ரப்பர்க்காடு. சாப்பாட்டுக்கடை சமையலறை ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் மரத்தில் கட்டிய பால் கோப்பையைத் தொடலாம். சுற்றி இருந்த மூன்று தோட்டங்களின் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இங்கேதான் இறங்குவார்கள். கிளினிக் கிடையாது. தபால் நிலையம் கிடையாது. தண்ணீர்க்குழாய் வாரத்தில் மூன்று நாள் இருமும், மற்ற நாள் அதுவும் இல்லை. ஆனால் பத்திரிகை வந்துவிட்டது.

இதைத்தான் மேடையில் பெருமையாகச் சொல்கிறார்கள். 'கிளினிக் வருவதற்கு முன்பே பத்திரிகை கண்ட ஊர்!' கை தட்டுகிறார்கள். பாம்பு கடித்தவனை லாரியில் போட்டு ஈப்போவுக்குக் கொண்டுபோன ஊரில், அந்தச் செய்தியைப் போட ஒரு தாள் இருந்தது என்பதில் என்ன பெருமை? அதையும் நாங்கள் போடவில்லை. பாம்பு கடித்தவன் விளம்பரம் தரமாட்டான்.

பத்திரிகையை ஆரம்பித்தவர் தோட்டங்களுக்குப் புல்வெட்டும் குத்தகை எடுத்தவர். கோவில் தலைவர் அவர்தான், கட்சியின் கிளைத் தலைவர் அவர்தான், இடுகாட்டுக் குழுவிலும் அவர்தான் தலைவர். இருந்தும் இறந்தும் அவரிடமிருந்து தப்பிக்க முடியாது. பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து எல்லோரும் அவரை 'ஆசிரியர்' என்றே கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. அவர் எழுதி நான் பார்த்தது கையெழுத்து மட்டும்தான். அதுவும் கீழே ஒரு கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி.

முதல் இதழ் வெளியீட்டுக்கு வந்த சட்டமன்ற உறுப்பினர் மூன்று மணி நேரம் தாமதம். அதற்குள் மாலையெல்லாம் வாடிவிட்டது. முதல் பக்கத்தில் ஆசிரியர் படம். இரண்டாம் பக்கத்தில் ஆசிரியர் உரை. மூன்றாம் பக்கம் முழுவதும் ஆசிரியரை வாழ்த்தி ஊர்ப்பிரமுகர்கள் தந்த செய்தி. அந்தப் பிரமுகர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் வாழ்த்தியதே பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான்காம் பக்கத்தில் ஒரு சமையல் குறிப்பு இருந்தது. அது மட்டும் உண்மை என்று நினைக்கிறேன்.

என்னை ஏன் நிருபராக எடுத்தார் தெரியுமா? என்னிடம் வேன் லைசன்ஸ் இருந்தது. பத்திரிகைக் கட்டுகளை ஈப்போவிலிருந்து கொண்டுவந்து மூன்று தோட்டங்களிலும் போட ஓர் ஓட்டுநர் வேண்டியிருந்தது. கையெழுத்தும் கொஞ்சம் குண்டு குண்டாக அழகாக இருந்ததால், "நீயே எழுதிடுடா" என்றார். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு மேசை, ஒரு காற்றாடி. நான் அங்கே உட்கார்ந்து எழுதினேன்.

வாசகர் கடிதம் எல்லாம் நான் எழுதியதுதான். வாரத்துக்கு ஐந்து கடிதம், ஐந்து புனைபெயர். ஒருமுறை உற்சாகத்தில், கோவில் முன்னால் இருக்கும் பள்ளத்தை யார் மூடுவார்கள் என்று ஒரு வாசகர் கேட்டுவிட்டார். ஆசிரியர் மேசையைத் தட்டினார்.

"யாருடா இவன்? எந்தத் தோட்டத்துக்காரன்? நம்ம பேப்பர்ல நம்மளயே கேக்கறான்!"

"நாந்தான் ஆசிரியரே எழுதினேன்."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "சரி. இனிமே பாராட்டற ஆளா பாத்து எழுது."

அடுத்த வாரமே அந்த வாசகர் மனம் திருந்திப் பாராட்டி எழுதினார். பள்ளம் அப்படியே இருந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பத்திரிகையை அச்சடித்தவர் ஈப்போவில் அச்சகம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். கலியாணக் கார்டு, நாட்காட்டி என்று அவருக்கு வாரம் முழுவதும் வேலை. எங்களுக்காக அவருடைய இயந்திரம் ஓயும் நேரம் புதன்கிழமை மாலை மட்டும். ஆனால் பத்திரிகை விற்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் டவுனில் தலை தெரியும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் திருவிழா, பரிசளிப்பு, திறப்புவிழா எல்லாம் அடுத்த ஞாயிறுதானே அச்சில் வரும்? வேறு எந்த ஊரிலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை.

"ஒரு வாரம் கழிச்சி வந்தா அது செய்தியாடா? பழஞ்சோறு. ஞாயித்துக்கெழம நடக்கறத ஞாயித்துக்கெழமயே ஜனங்க படிக்கணும்."

"நடக்கறதுக்கு முன்னாடி எப்படி ஆசிரியரே எழுதறது?"

"நம்ம ஊர்ல என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியாதா? மால போடுவான். பேசுவான். சாப்பிட மீகூன் குடுப்பான். இதுல எத நீ பாத்துட்டு எழுதணும்?"

அதில் உண்மை இருந்தது, வெட்கக்கேடு. அன்றிலிருந்து நான் புதன்கிழமையே ஞாயிற்றுக்கிழமையை எழுத ஆரம்பித்தேன். 'தலைமையாசிரியர் உருக்கமாகப் பேசினார். பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டு சிறப்பித்தனர்.' படமும் முன்கூட்டியேதான். செவ்வாய்க்கிழமை ஆட்களை மாடிக்கு வரச்சொல்லி, மாலை வாங்குவது போலவும் பரிசு வாங்குவது போலவும் நிற்கவைத்து எடுத்துவிடுவோம்.

ஊர்க்காரர்கள் இதைக் கண்டு சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. பத்திரிகையில் போட்டபடி நடக்க ஆரம்பித்தார்கள்! பரிசளிப்பு விழாவுக்குத் தலைமையாசிரியர் காய்ச்சலில் வரவில்லை என்றால், அவர் உருக்கமாகப் பேசியது ஏற்கெனவே அச்சில் இருக்கிறதே என்று வேறொருவரை மேடையில் ஏற்றி உருகச் செய்தார்கள். ஒரு வருடம் தீமிதியன்று மழை கொட்டியது. குழியில் நெருப்பு அணைந்து கறுப்புத் தண்ணீர் நின்றது. 'பக்தர்கள் பூக்குழியில் இறங்கினர்' என்று நான் எழுதியிருந்ததால் இறங்கியே ஆகவேண்டும் என்று கோவில் குழு முடிவு செய்தது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். பக்தியோடுதான் நடந்தார்கள். நான் குடை பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்துவிட்டால் அது நடந்ததுதான் என்று நம்பிய ஜனங்கள் நாங்கள். மலர்க்குழு சொல்லும் பொற்காலம் இதுதான்.

இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை. அடுத்தது அப்படி இல்லை. அது உங்கள் அத்தையைப் பற்றியது.

உங்கள் அத்தை, என் அக்கா, மூன்று தோட்டங்களில் பெரிய தோட்டத்தில் மாமாவோடு பாலுக்கு ரப்பர் மரம் வெட்டினாள். அந்தத் தோட்டத்தை வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். தொழிலாளர் வீடுகளான லயத்தை உடைக்கப்போகிறோம், அதற்குப் பதிலாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மலிவு விலை வீடு என்று பேச்சு. முதல் கட்டமாக எட்டுக் குடும்பத்துக்குச் சாவி, வருகிற ஞாயிறு விழா என்று ஆசிரியர் சொன்னார். பட்டியலை என்னிடம் கொடுத்தார். அதில் அக்கா குடும்பம் ஆறாவது பெயர். நான் அதை முதலாவதாக எழுதினேன். படத்துக்கும் அவளையே கூப்பிட்டேன். தம்பி நிருபராக இருந்து அக்கா படம் முதல் பக்கத்தில் வராவிட்டால் எப்படி என்ற நினைப்பு.

செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து குளித்து, கலியாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் மாடி ஏறி வந்தாள். கையில் ரப்பர்ப்பால் வாடை போகவில்லை என்று சவுக்காரம் போட்டு இரண்டு முறை கழுவினாளாம். ஆசிரியர் கோட்டுப் போட்டு நின்றார். அப்போதுதான் சாவியே இல்லை என்பது எங்களுக்கு நினைவு வந்தது. நிறுவனம் இன்னும் தரவில்லை.

"ஒன் வேன் சாவியக் குடுடா," என்றார் ஆசிரியர்.

கொடுத்தேன். டயர் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த டயர் வடிவத் தகடு அதில் தொங்கியது. அக்கா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"தம்பி, இது என்னடா, வீட்டுக்கு டயரு போட்டுக் குடுக்கறாங்களா?"

"தகட்ட உள்ள மறச்சிக்கக்கா. படத்துக்குத்தான். நெசச் சாவி ஞாயித்துக்கெழம."

"மறச்சா சாவியும் மறயுதே. அப்பறம் நான் வெறுங்கையத்தான் வாங்கிட்டு நிக்கணும்."

"சிரிம்மா," என்றார் ஆசிரியர். "வீடு கெடைக்குது. ஊசி போட வந்த மாதிரி நிக்கிறியே!"

அவள் சிரித்தாள். அந்த நிமிடம் படம் எடுத்தோம். பிறகு அவள் கையிலிருந்த சாவியை வாங்கி, அதே வேனில் அவளை லயத்தில் கொண்டுபோய் விட்டேன்.

செய்தியை நான் எப்படி எழுதினேன் என்பது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'எட்டுக் குடும்பத்தினர் தங்கள் புதிய வீட்டின் சாவியைப் பலத்த கரவொலிக்கிடையே கண்ணீர் மல்கப் பெற்றுக்கொண்டனர். தங்களுக்கு இனி எந்தக் குறையும் இல்லை என்று அவர்கள் தெரிவித்தனர்.' கீழே எட்டுப் பெயர். அவர்கள் ஒருவரும் எதையும் தெரிவிக்கவில்லை. அவர்களிடம் நான் கேட்கவும் இல்லை. 'இனி எந்தக் குறையும் இல்லை' என்பது என் சொந்தச் சரக்கு. வரி கொஞ்சம் குறைந்தது, இடத்தை நிரப்பச் சேர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடாரம் போட்டு நாற்காலி வரிசையாக வைத்திருந்தார்கள். நான் பத்திரிகைக் கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். எல்லோரும் விழாவுக்காகக் காத்துக்கொண்டே, விழா நடந்து முடிந்ததைப் படித்தார்கள். பத்து மணியானது. பதினொன்றானது. நிறுவனத்திலிருந்து ஒரு குமாஸ்தா மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்தார். வீட்டுக்கு இன்னும் அனுமதிக் கடிதம் கிடைக்கவில்லையாம். விழா ஒத்திவைப்பு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் பத்திரிகையை மடித்தார். "என்னாய்யா இது, நம்ம கை தட்டிட்டோம்னு போட்டிருக்கான். இன்னும் தட்டலியே?"

"தட்டினது தட்டினதுதான் மச்சான். வா, மீகூன் ஆறிடும்."

சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். அக்காவும் மாமாவும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் கொடுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் மாடிக்குப் போய், விழா ஒத்திவைக்கப்பட்டது என்று ஒரு சின்னச் செய்தி எழுதி வைத்தேன். ஆசிரியர் அதை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நம்ம செய்தி தப்பாடா?"

"நடக்கலியே ஆசிரியரே."

"நடக்கும். சாவி குடுக்கறன்னைக்கு நம்ம செய்தி சரியாயிடும். இது தப்பு இல்ல, கொஞ்சம் முந்திடுச்சி. அவ்வளவுதான்."

நான் ஏன் அத்தோடு விட்டேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். அந்த மாதம்தான் உங்கள் அம்மாவைப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. உங்கள் தாத்தா தாப்பாவில் இருந்தவர். என்னை வேன் ஓட்டுநர் என்று பார்க்கவில்லை, பத்திரிகை நிருபர் என்று பார்த்தார். நான் எழுதியது பொய் என்று நானே சொன்னால் நிருபர் போய் ஓட்டுநர்தான் மிஞ்சுவான். ஆசிரியரை நான் இகழ்ந்து எழுதுகிறேன், நியாயம்தான். ஆனால் அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட தாளை நான் இன்னொரு தடவை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

சாவி அந்த வாரமும் வரவில்லை, அந்த வருடமும் வரவில்லை. நிறுவனம் நிலத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. லயத்தை உடைக்க ஆள் வந்தபோது எல்லாக் குடும்பமும் சேர்ந்து மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்தது. விசாரணைக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போனது நான்தான். அதே வேன்.

புதிய நிறுவனத்தின் அதிகாரி ஒரு கோப்பைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த பத்திரிகை நறுக்கை மேசையில் வைத்தார். எங்கள் முதல் பக்கம். படமும் பட்டியலும். மலாய் மொழிபெயர்ப்பு ஒன்றும் கூடவே இருந்தது; என் வாழ்க்கையில் நான் எழுதியதை ஒருவர் மொழிபெயர்த்தது அது ஒரே தடவை.

மாவட்ட அலுவலக அதிகாரி அக்காவைப் பார்த்து மலாயில் கேட்டார். "இந்தப் படத்தில் இருப்பது நீங்களா?"

"நாந்தான்."

"கையில் என்ன?"

"சாவி." பிறகு சொன்னாள், "வேன் சாவி."

அறையில் சிரித்துவிட்டார்கள். நிறுவனத்துக்காரர் சிரித்தார், அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார், நம் ஆட்களிலேயே இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா திரும்பி, வாசல் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய், 'அது என் சாவி, செய்தி நான் முன்கூட்டியே எழுதியது' என்று மலாயில் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த அளவு மலாய் நன்றாகவே வரும். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் கீழே இறங்கிப் போனேன்.

பட்டியலில் இல்லாத குடும்பங்களுக்குப் பிற்பாடு வீடு கிடைத்தது. இப்போது நீங்கள் பூப்பந்து விளையாடும் மண்டபத்துக்கு எதிரில் இருக்கிறதே, அந்த வரிசை. பட்டியலில் இருந்த எட்டுக் குடும்பத்தின் கோப்பில் 'வீடு பெற்றுக்கொண்டார்' என்று குறித்துவிட்டார்கள். அவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அக்காவும் மாமாவும் வாடகை அடுக்குமாடியில் நாலாவது மாடிக்குப் போனார்கள். மாமா அங்கேதான் இறந்தார். உடலைக் கீழே இறக்க எவ்வளவு பாடுபட்டோம் என்பது உங்களுக்கே நினைவிருக்கும்.

பத்திரிகை இரண்டு வருடத்துக்கு மேல் ஓடவில்லை. ஆசிரியருக்கு ஒரு கௌரவப் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவருக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. கடைசி இதழ் என்று சொல்லிக்கூட ஒரு வரி போடவில்லை. நான் லாரி ஓட்டப் போனேன். லாரியில் ஏற்றாத சரக்கை ஏற்றியதாகக் கையெழுத்துப் போட முடியாது. அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

சென்ற மாதம் மலர்க்குழுத் தலைவர் நம் வீட்டுக்கு வந்தாரே, அவர் அந்த ஆசிரியரின் மகன். நீங்கள் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். பிறகு நடந்தது இதுதான்.

"அண்ணே, விழாக் கண்காட்சில அந்தச் சாவிப் படத்த ஆள் ஒசரத்துக்குப் பெருசு பண்ணி வைக்கப்போறோம். செம படம் லா! அக்காவ மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. படத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சி பொன்னாட போத்திடுவோம்."

"அந்த விழா நடக்கவே இல்ல, தம்பி. ஒங்களுக்குத் தெரியுமா?"

"அப்படியா?" அவர் முகத்தில் பெரிய மாற்றமில்லை. "பரவால்லண்ணே, படம் நல்லாருக்கில்ல?"

"மலர்ல ஒரு வரி போடுங்க. அந்தச் செய்தி நடக்கறதுக்கு முன்னாடி எழுதினது, சாவி யாருக்கும் குடுக்கலன்னு. என் பேரப் போட்டே போடுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பழசக் கிண்டாதீங்க லாண்ணே. மலர் டிசைனெல்லாம் முடிஞ்சிப்போச்சி. விழா ரிப்போர்ட்கூட எழுதி ரெடியா வச்சிட்டோம், அன்னைக்கே ஃபேஸ்புக்ல போட்டுடணும்ல."

தகப்பனுக்கு அச்சு இயந்திரம் ஓயும் நாள் வரைக்காவது காத்திருக்க வேண்டியிருந்தது. மகனுக்கு அதுவும் தேவையில்லை.

அவர் போனபிறகு நான் அக்காவைப் பார்க்கப் போனேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவள் முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்கான புதிய வீட்டுத் திட்டத்துக்கு மனுப் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பி வந்த கடிதத்தைக் காட்டினாள். காரணம் ஒரே வரி: ஏற்கெனவே வீடு பெற்றவர். ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் ஆதாரத்தோடு வரவேண்டும்.

படத்தைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு பெரிது என்று கேட்டாள். ஆள் உயரம் என்றேன்.

"அத நிக்க வைக்கட்டும். அதுக்கு முட்டி வலி கெடையாது. நான் வரல, நாலு மாடி எறங்கி ஏற முடியாது."

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்து எரிச்சல் அடைந்தாள்.

"எங்கிட்ட அழுவாதடா. நீ எழுதினது பொய்னு எனக்குத் தெரியும். வேன் சாவியக் கையில வச்சிருந்தவ நாந்தான. எங்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது? ஆபீஸ்ல ஒக்காந்திருக்கானே, அவனுக்குத் தெரியாது. அவங்கிட்டப் போய்ச் சொல்லு."

பிறகு, "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். மேசையில் இருந்த ரொட்டியை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

நம் டவுனின் முதல் வாரப் பத்திரிகையின் வரலாறு இவ்வளவுதான். சனிக்கிழமை மண்டபத்தில் கண்காட்சி திறக்கும்போது நீங்கள் போக வேண்டும் என்றால் போங்கள். தடுக்கமாட்டேன். அந்தப் படத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அப்பா கேட்டுக்கொள்வது அது ஒன்றுதான். எனக்கென்று எடுத்துவைத்திருக்கும் பொன்னாடையை வேறு யாருக்காவது போர்த்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆளா கிடைக்காது?

இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். மேலே உள்ளதை எழுதி முடித்த மறுநாள், திங்கட்கிழமை, ஈப்போவில் பல் டாக்டரிடம் பல்லைக் காட்டப் போவதாக உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தேன். தட்டச்சுக் கடையில் மலாயில் ஒரு பக்கச் சத்தியக் கடிதம் அடித்து வாங்கினேன். செய்தியை எழுதியது நான், எழுதியது விழாவுக்கு நான்கு நாள் முன்பு, படத்தில் இருப்பது நான் ஓட்டிய வேனின் சாவி, பட்டியலில் உள்ள எட்டுக் குடும்பத்தில் ஒருவரும் அன்று வீடோ சாவியோ பெறவில்லை. எட்டுப் பெயரையும் போட்டேன், பட்டியலில் முதலில் இருந்த வரிசைப்படி. அக்கா ஆறாவது.

சத்தியக் கடிதத்தில் முத்திரை குத்தும் அதிகாரியின் அறை ஒரு காப்பிக்கடைக்கு மேலே இருந்தது. முழுவதும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். தொழில் என்ற இடம் காலியாக இருந்தது. லாரி ஓட்டுநர், ஓய்வு என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டதும் அவர் முத்திரை குத்தினார்.

அங்கிருந்து நேராக மாவட்ட அலுவலகம். முகப்பில் இருந்த பெண் அசலை வாங்கிக்கொண்டு, நகலில் 'பெறப்பட்டது' என்று குத்திக் கொடுத்தார். வெளியே வந்து மோட்டார் பக்கத்தில் நின்று அதை விரித்தேன். மை இன்னும் காயவில்லை. முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தேன். கைத்தொலைபேசியை எடுத்து அதிலும் பார்த்தேன். அன்றைய தேதிதான்.